கட்டை வகுக்கும் கலையும் நம் மாணவரும்

விளையாட்டு என்றவுடனே அது கல்விக்கு மாறானதொன்று என்று கருதும் வழக்கம் நம்மவரிடை நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. பந்தாட்டமும் ஓட்டமும் உடலுக்கு உறுதி தருவன என்று ஒருவாறு மன்னிக்கப்பட்டன. கணினியில் ஆடும் விளையாட்டுக்கோ அம்மன்னிப்பும் இன்னும் கிடைத்திலது. அக்கண்டனம் பெரும்பாலும் தகுதியானதே என்பதை நாம் மறுக்கவில்லை. இரவெல்லாம் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, எதிர்ப்பட்டவரையெல்லாம் சுட்டு வீழ்த்தும் ஆட்டத்தில் ஆழ்ந்து, மறுநாட் காலை முதல் வகுப்பில் உறங்கும் மாணவனுக்காக வழக்காட நாம் முன்வந்தோமல்லோம். ஈண்டு நாம் பேசப் புகுந்தது வேறொரு வகை விளையாட்டைப் பற்றியும், அதனை ஒட்டி நம் மாணவர் சிலரிடத்துக் காணப்படும் ஒரு வீண் மனச்சோர்வைப் பற்றியுமாம்.

இவ்வகை விளையாட்டில் உலகம் முழுவதும் சிறு கனச்சதுரக் கட்டைகளால் ஆயது. மலையும் மரமும் நீரும் மண்ணும் அக்கட்டைகளே. ஆடுவோன் அவற்றைப் பெயர்ப்பான், அடுக்குவான், வீடும் கோட்டையும் எழுப்புவான். வெற்றி தோல்வி என்பன இதிற் கட்டாயமில்லை. குழந்தை மணலிற் கோயில் கட்டுவது போன்றதாகலின் இதனைச் சாண்ட்பாக்ஸ், அதாவது மணற்பெட்டி, என்று பெயரிட்டழைப்பர். சுவீடன் நாட்டு மார்க்குஸ் பெர்சன் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட மைன்கிராஃப்ட் இவ்வகையுட் பெரும்புகழ் வாய்ந்தது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதனை ஆக்கியோரின் நிறுவனத்தை 250 கோடி டாலர் விலைக்கு வாங்கிற்று. பின்லாந்து நாட்டு பெர்ட்டு அஹோலா 2010-இல் தொடங்கிய மைன்டெஸ்ட் என்பதோ எவரும் விலையின்றிப் பெறவும், உட்புறத்தைத் திறந்து படிக்கவும், மாற்றிப் பிறர்க்கு வழங்கவும் தக்கது. 2024 அக்டோபர் முதல் அதன் பெயர் லுவாண்டி. தனி விளையாட்டு என்பதினும், விளையாட்டுகளை ஆக்குதற்குரிய மேடை என்பதே அதற்குப் பொருந்தும். பழைய மடிக்கணினியிலும் அது நடக்குமாதலின் நம் மாணவர்க்கு எட்டுவது பெரும்பாலும் இதுவே.

இவற்றை ஆடுவோர் இருவகையினர். தரப்பட்ட கட்டைகளை எடுத்து அடுக்குவோர் ஒருவகையினர். தரப்படாத கட்டையொன்றைத் தாமே வகுத்து, அதற்கு உருவும் பெயரும் தொழிலும் கொடுத்து, உலகினுட் புகுத்துவோர் மற்றொரு வகையினர். முன்னையோர் கொத்தர், பின்னையோரைச் சிற்பியர் என்னலாம். கட்டைக்குத் தொழில் கொடுப்பதற்கு நிரல் எழுதவேண்டும். இந்நிரலையே பிள்ளைகள் ஸ்கிரிப்ட் என்கின்றனர். நம் கவலை இவ்விரண்டாம் வகையினரைப் பற்றியது.

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் சாலையில், குடகனாற்றின் கரையில் அமைந்த தாடிக்கொம்பை அறியாதார் இப்பகுதியில் இலர். அங்குள்ள சௌந்தரராசப் பெருமாள் கோயிலின் மண்டபத் தூண்களைக் கண்டோர் அவற்றை எளிதில் மறவார். சக்கரத்தாழ்வாரும், உலகளந்த பெருமாளும், கார்த்தவீரியார்ச்சுனனும், இரதியும் மன்மதனும் கல்லினின்றும் புறப்பட்டு நம்மை நோக்கி அடியெடுத்து வைப்பவர்போல் நிற்பர். அவ்வூர்ப் பக்கத்திலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர் சிலர், விடுமுறையில் அம்மண்டபத்தை லுவாண்டியில் எழுப்ப முயன்றனர். தளமும் மதிலும் இரண்டு நாளில் எழுந்தன. தூண்களுக்கும், தூங்கா விளக்குக்கும், பூட்டிய கதவுக்கும் தரப்பட்ட கட்டைகள் உதவவில்லை. தாமே வகுக்க வேண்டியதாயிற்று. அங்கே வேலை நின்றது. மூன்று வாரத்தின்பின் அவர்கள் அதனைக் கைவிட்டனர். காரணம் வினவியபொழுது அவர்கள் கூறிய விடை, "எங்களுக்கு ஆங்கிலம் போதாது, ஐயா" என்பதே.

இவ்விடையை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். தமிழ்வழியிற் பயின்று வந்த மாணவன் ஒரு துறையில் இடர்ப்பட்டவுடனே குற்றத்தைத் தன் ஆங்கிலத்தின்மேற் சுமத்திவிட்டு ஒதுங்கிக்கொள்வது நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் நிகழ்வது. அவனைச் சூழ்ந்தோரும் அதனை ஆம் என்று தலையசைத்து ஏற்றுக்கொள்கின்றனர். அஃது அவனுக்குச் செய்யும் பெருந்தீங்கு. லுவாண்டியில் நிரல் எழுதும் மொழி லுவா. பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோ நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் பிறந்தது அது. போர்த்துக்கீசிய மொழியில் லுவா என்றால் நிலா. அதனை ஆக்கியோர்க்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று. லுவாண்டியில் வழங்கும் லுவாவின் ஒதுக்கிய சொற்கள் 21. இருபத்தொரு சொல்லை ஒரு மாலைப் பொழுதில் மனப்பாடம் செய்யலாம். அவற்றோடு கட்டைகளைக் கையாளும் கட்டளைப் பெயர்கள் சில பத்துக் கற்றால் ஒரு பூட்டுக் கட்டையை எழுதி முடிக்கலாம். திருக்குறளில் ஓரதிகாரத்தை நெட்டுருச் செய்யும் மாணவனுக்கு இது ஒரு பொருட்டன்று.

அவர்கள் எழுதிய நிரலையே எடுத்துப் பார்ப்போம். திண்டுக்கல்லைச் சூழ்ந்த ஊரினராகலின் மண்டபக் கதவுக்குத் திண்டுக்கல் பூட்டே வேண்டும் என்று அவர்கள் விரும்பியது இயல்பே. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டின் பெருமை, ஒன்றின் திறவுகோல் மற்றொன்றைத் திறவாது என்பது. அவர்கள் வகுத்த கதவோ அதற்கு நேர்மாறாக நடந்தது. கோப்பின் தலைப்பில், கதவு திறந்துள்ளதா மூடியுள்ளதா என்பதைக் குறிக்க ஒரு மாறியை அமைத்திருந்தனர். உலகில் ஒரு கதவு மட்டும் இருந்தவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. இரண்டாம் கதவை வைத்தவுடன் குழப்பம் தொடங்கிற்று. கிழக்கு வாயிலைத் திறந்துவிட்டு மேற்கு வாயிலைத் தொட்டால், அது தான் முன்பே திறந்திருப்பதாக எண்ணி மூட முற்பட்டது. விளையாட்டை நிறுத்தி மறுபடியும் தொடங்கினால் எல்லாக் கதவுகளும் தம் நிலையை மறந்தன.

இங்கே பிழைத்தது ஆங்கிலமா? நம் தருக்க நூலார் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்த வேறுபாடொன்று ஈண்டு மறக்கப்பட்டது. கட்டைக்கு எழுதும் விளக்கம் இலக்கணம். உலகில் வைக்கப்படும் ஒவ்வொரு கட்டையும் அவ்விலக்கணத்தைப் பெற்ற தனிப்பொருள். இலக்கணம் ஒன்று, பொருள் பல. இலக்கணத்தின் பக்கலில் எழுதி வைத்தது பொருளனைத்துக்கும் பொதுவாம். பூட்டுத் தொழிலாளி நூறு பூட்டுக்கு ஒரே அச்சை வைத்துத் தகடு வெட்டுகிறான். ஆயினும் உள்ளே அமையும் லீவர்களின் வெட்டைப் பூட்டுக்குப் பூட்டு வேறுபடுத்துகிறான். உடையவன் பெயரைப் பூட்டின்மேற் பொறியாமல் அச்சின்மேற் பொறித்துவிட்டால் நூறு பூட்டும் அவனுடையனவாய்விடும். நம் மாணவர் செய்தது அச்சின்மேற் பொறித்ததே. இதனைத் தமிழில் விளக்கத் தடையில்லை. நாம் விளக்கியபொழுது கால் மணி நேரத்தில் அவர்கள் உணர்ந்துகொண்டனர்.

லுவாண்டி ஒவ்வொரு கட்டைக்கும் நினைவில் நான்கு பைட்டு இடமே தருகிறது. இது எவ்வினத்துக் கட்டை என்னும் எண் இரண்டு பைட்டு. ஒளியின் அளவு முதலியன ஒரு பைட்டு. எத்திசை நோக்கி நிற்கிறது என்பது போன்ற செய்தி ஒரு பைட்டு. கனச்சதுரத்தின் ஆறு முகங்களில் ஒவ்வொன்றையும் மேலாக வைத்து, நான்கு பக்கமும் திருப்பலாமாதலின் நிற்கும் நிலை 24. திசை உண்டு என்பதை இலக்கணத்திற் சொல்லாது விட்டால், தூணிலுள்ள சிற்பங்கள் யாவும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். உடையவன் பெயர் போன்ற நீண்ட செய்தி இந்நான்கு பைட்டில் அடங்காது. அதற்காகவே அக்கட்டை நிற்கும் இடத்தோடு பிணைத்த தனி ஏடொன்று உண்டு; அதனை மெட்டாடேட்டா என்பர். உடையவன் பெயர் எழுதவேண்டிய இடம் அதுவே.

அங்கே எழுதினாலும் இடர் தீர்ந்துவிடவில்லை. மூடிய கதவு ஓரினக் கட்டை. திறந்த கதவு மற்றோரினக் கட்டை. ஆகவே திறத்தல் என்பது ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்தலேயாம். வைப்பதற்குக் கட்டளை இரண்டுள. செட் நோடு என்பது பழைய ஏட்டைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதுக்கட்டையை வைக்கும். ஸ்வாப் நோடு என்பது ஏட்டை அவ்வாறே விட்டுக் கட்டையை மட்டும் மாற்றும். முன்னதைப் பயன்படுத்தினோன் கதவை ஒருமுறை திறந்தவுடனே உடையவன் பெயர் அழிந்துபோம். அதன்பின், நிரல் எழுதிய முறைக்கேற்ப, எவரும் திறக்கும் பூட்டாகவோ உடையவனும் திறக்கமுடியாத பூட்டாகவோ அது முடியும். திரையில் ஒரு பிழைச்செய்தியும் தோன்றாது. இத்தகைய ஊமைப் பிழைகளே இத்துறையில் மிகக் கொடியன. அலறும் பிழையைப் பிடிக்கலாம். அடங்கியிருக்கும் பிழையைப் பிடிப்பது அரிது.

மற்றுமொன்று. மண்டபத்தின் ஒரு பகுதியை ஒருமுறை கட்டி முடித்து, அதனை அச்செடுத்துப் பல இடங்களில் ஒருங்கே பதிக்கும் வசதியும் லுவாண்டியில் உண்டு. கையால் ஒரு கட்டையை வைக்கும்பொழுது, அது பிறந்தவுடன் செய்யவேண்டிய தொடக்க வேலையை நிரல் செய்யும். மொத்தமாகப் பதிக்கும்பொழுதோ விரைவை முன்னிட்டு அத்தொடக்க வேலை விடப்படுகிறது. ஆதலின் அச்சிற் பதிந்த விளக்குகள் எரியா. பூட்டுகள் உடையவனின்றி நிற்கும். கட்டைகள் கண்ணுக்குக் குறைவின்றித் தோன்றுவதால் மாணவன் தன் விளக்கின் நிரலையே நூறுமுறை திருத்திப் பார்ப்பான். குறை அங்கில்லை. பதித்த பகுதியில் அவ்வினக் கட்டைகளைத் தேடியெடுத்துத் தொடக்க வேலையைத் தனியே செய்விக்க வேண்டும் என்பதே தீர்வு.

அலறும் பிழைகளுள் அடிக்கடி தோன்றுவது, இல்லாத ஒன்றை உள்ளதாக எண்ணித் தொட்டதாகக் கூறும் செய்தி. இல்லாமையைக் குறிக்க லுவாவில் வழங்கும் சொல் 'நில்' என்பது. நம் மொழியில் அது தடுத்து நிறுத்தும் ஏவலாதலால் பொருத்தமான சொல்லே என்று நாம் எண்ணுவதுண்டு. நில் வந்தவிடத்து மாணவன் உண்மையிலேயே நிற்கவேண்டும்; பிழைச்செய்தி குறிக்கும் வரி எண்ணைப் பார்க்கவேண்டும்; எந்தப் பொருள் ஈண்டு இல்லாது போயிற்று என்று வினவவேண்டும். நம்மவரோ அச்செய்தியைக் கண்டவுடனே அதனை மூடிவிட்டு, வேறெங்கேனும் எழுதப்பட்ட நிரலைப் படியெடுக்க ஓடுகின்றனர்.

படியெடுத்தல் இத்துறையிற் பெருந்தீங்காய் முடிகிறது. மைன்கிராஃப்டின் பெட்ராக் என்னும் பதிப்பை எடுத்துக்கொள்வோம். கட்டையைத் தொட்டால் இன்னது நிகழ்க என்று கட்டையின் விளக்கக் கோப்பினுள்ளேயே எழுதும் முறையொன்று அதில் முன்னர் இருந்தது. சோதனை வசதி என்னும் பெயரில் ஆண்டுக்கணக்காக வழங்கிய அம்முறை 2024-இல் நீக்கப்பட்டது. அதற்கு மாறாக, தொழில்களை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி, உலகம் தொடங்குமுன் பதிவு செய்து, விளக்கக் கோப்பிலிருந்து பெயரால் அழைக்கவேண்டும் என்று வகுத்தனர். புதுமுறை மேலானதே. ஆயினும் முன்முறையில் எழுதிய விளக்கங்கள் இணையமெங்கும் இன்றும் நிறைந்துகிடக்கின்றன. எப்பதிப்புக்கு எழுதியது என்று பாராது படியெடுத்தவன் கட்டை அசையாமல் நிற்பதைக் கண்டு தன்னையே நொந்துகொள்கிறான். செயற்கை நுண்ணறிவைக் கேட்டு எழுதுவித்துக்கொள்வோர்க்கும் இக்கதி நேர்கிறது. பழைய முறையையும் புதிய முறையையும் ஒரே கோப்பில் கலந்து தருவது அதற்கு எளிது. கலந்ததை இனங்காண்பது ஓரளவேனும் தானாக எழுதிப் பழகினோனுக்கே கூடும்.

அப்பதிப்பின் வேறோர் எல்லையையும் சொல்லிவிடுவோம், கணக்கில் விருப்பமுள்ளோர்க்கு. ஒரு கட்டைக்கு நிலைகள் பலவற்றை வகுக்கலாம். ஒரு நிலை பெறத்தக்க மதிப்புகள் 16-க்கு மேற்படலாகாது. ஓருலகில் நாம் வகுத்த கட்டைகளின் நிலைக்கலப்புகள் எல்லாம் சேர்ந்து 65,536 என்னும் எல்லைக்குள் நிற்கவேண்டும். திசை 4, எண்ணெயின் அளவு 16, சுடரின் நிறம் 16, எரிதலும் அணைதலும் 2 என்று ஒரு விளக்கை வகுத்தால் கலப்புகள் 2,048. இத்தகைய கட்டைகள் 32 செய்தால் எல்லை நிரம்பிவிடும். கூட்டுவதாக எண்ணிக்கொண்டு பெருக்கிக்கொண்டிருக்கிறோம் என்பதை மாணவன் உணரும் இடம் இது. கலப்பு என்னும் கணக்கைப் பாடநூலில் மூன்று வாரம் படித்தும் உணராததை ஒரு விளக்கு உணர்த்திவிடும்.

ஆங்கிலம் உண்மையாகவே இடர்தரும் இடம் ஒன்றுண்டு. அதனையும் மறைப்பது நேர்மையன்று. கட்டைகளின் உட்பெயரை ரோமன் எழுத்திலேயே எழுதவேண்டும். ஆடுவோர் காணும் பெயரைத் தமிழிலும் கொடுக்கலாம். ஆயினும் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வசதி நிரம்பாத விளையாட்டுகளில் நம் எழுத்து சிதைந்து தோன்றும். தாடிக்கொம்பு என்று எழுதினால், அப்பெயரிலுள்ள ஒற்றைக்கொம்பே தன் எழுத்துக்கு முன் நிற்காது பின்னே போய் நின்றுவிடும். இதனைத் திருத்துவோர் அவ்விளையாட்டை ஆக்குவோரே. உட்புறம் திறந்து கிடக்கும் லுவாண்டி போன்றவற்றில் நம் மாணவரும் ஒருநாள் அத்திருத்தத்திற் கைகொடுக்கலாம். அது நிற்க, நிரலின் இடையிடையே எழுதும் குறிப்புகளைத் தமிழில் எழுத எவ்விதத் தடையும் இல்லை. தான் இவ்வரியை ஏன் எழுதினோம் என்பதைத் தன் மொழியில் ஒரு வாக்கியமாக எழுதமுடியாத மாணவன் அவ்வரியை உணர்ந்து எழுதினானல்லன் என்பது நம் துணிபு.

இதனையெல்லாம் கல்லூரியிற் கற்பித்தல் வேண்டுமோ என்று ஆசிரியர்மார் சிலர் கேட்பர். பாடத்திட்டத்தில் ஜாவாவும் பைத்தானும் உள்ளன. அவற்றில் வங்கிக் கணக்கும் மாணவர் பதிவேடும் எழுதிக் காட்டுகிறோம். அது போதாதோ என்பது அவர்தம் வினா. அவ்வெடுத்துக்காட்டுகளில் மாணவன் தன் பிழையைக் காண்பதில்லை. பதிவேட்டில் இரண்டு பெயரை உள்ளிட்டு, விடை வந்ததும் தேர்வுக் குறிப்பேட்டில் ஒட்டிவிடுகிறான். கட்டை உலகிலோ பலர் ஒரே வேளையில் உலவுகின்றனர். அவன் எண்ணாத வழியில் அவன் கதவைத் தொடுகின்றனர். டென்மார்க்கு அரசின் நிலவரைத்துறை 2014-இல் தன் நாடு முழுவதையும் மெய்யளவில் மைன்கிராஃப்டில் அமைத்து மக்களுக்குத் திறந்துவிட்டது. வெடிக்கட்டையை முன்னெச்சரிக்கையாகத் தடை செய்திருந்தனர். வெடிக்கட்டை ஏற்றிய வண்டியைத் தடை செய்ய மறந்தனர். சில நாளில் அவ்வழியே புகுந்த குறும்பர் சில இடங்களைத் தகர்த்து அங்கே அமெரிக்கக் கொடிகளை நாட்டினர். பொருளின் பெயரைத் தடுத்தல் வேறு, அதன் தொழிலைத் தடுத்தல் வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் பாடம் நாம் கண்டதில்லை.

எனவே நாம் வேண்டுவது பெரிதன்று. வகுப்பு முடிந்தபின் வாரம் இரண்டு மாலை கணினிக்கூடத்தைத் திறந்துவைத்தல் வேண்டும். லுவாண்டியை ஒரு கணினியில் நிறுவி, மற்றவற்றை உள்வலையால் இணைத்தால் வெளி இணையமும் வேண்டா, பொருட்செலவும் இல்லை. விளக்கம் முழுதும் தமிழில் நடத்தல் வேண்டும். மண்டபத்தை முதலிற் றொடங்குதல் கூடாது. ஆர்வத்தால் அனைத்தையும் ஒருங்கே எடுத்துக்கொண்டமையாலன்றோ முன்னையோர் இடையிற் சோர்ந்தனர். முதற் பருவத்தில் ஒரு பூட்டு. அது இரண்டு கதவிலும் நடக்கவேண்டும்; நிறுத்தித் தொடங்கியபின்னும் நடக்கவேண்டும்; மொத்தமாகப் பதித்தாலும் நடக்கவேண்டும்; உடையவனல்லாத ஒருவன் அரைமணி நேரம் குறும்பு செய்தாலும் திறவாதிருக்கவேண்டும். இந்நான்கிலும் தேறிய பூட்டை எழுதிய மாணவன் நிரற்கலையில் பாதி கடந்தவனென்று நாம் கையெழுத்திட்டுத் தர அணியமாக உள்ளோம்.

இரண்டாம் பருவத்தில் விளக்கும் தூணும் ஆகலாம். தூண்களை உள்ளவாறு வகுப்பதற்கு அவற்றை அளந்தும் படமெடுத்தும் வரவேண்டும். அதற்குக் கோயில் நிர்வாகத்தின் இசைவு தேவை. அவ்விண்ணப்பத்தைத் தமிழில் எழுதினால் போதும். அதனை அம்மாணவரே எழுதட்டும்.